நூற்றுப்பதினேழாவது படம்

படத்தில் என்ன தெரிகிறது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். கண் தெரியாத யாராவது இந்த இணையதளத்துக்கு வந்தால் அவர்களுடைய கணினி அந்த வரியை வாய்விட்டுப் படிக்கும், அவர்களுக்கு அந்த வரிதான் படம். காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கறுப்பு நாய், முகவாயெல்லாம் நரை, சாக்கின்மேல் படுத்திருக்கிறது. வெள்ளை நாய், ஒரு கண் மூடியிருக்கிறது, பின்னால் கம்பிவேலி. பழுப்பு நாய். பழுப்பு நாய். எத்தனை பழுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒன்று வெல்லம் மாதிரி இருக்கிறது, ஒன்று ஈரமண், ஒன்று காய்ந்த தென்னமட்டை, ஆனால் அப்படியெல்லாம் எழுத முடியாது, நிறமே பார்த்திராதவருக்கு வெல்லம் என்றால் இனிப்புதானே. மணி இரண்டேகால். சாப்பிட்ட தட்டு மேசையோரத்தில் அப்படியே காய்கிறது, கீழே தண்ணி லாரி வந்து நிற்கிறது, குழாயை இழுக்கும் சத்தம், வாட்ச்மேன் யாரையோ அதட்டுகிறார். காரமடைக்குப் போகும் வழியில் வயதான நாய்களுக்கென்று ஒரு காப்பகம், பெயர் அந்திநிழல். நடத்துவது சுலோச்சனாக்கா, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கல்லூரி மாணவர் செய்து கொடுத்த தளம், பச்சை நிறத்தின்மேல் மஞ்சள் எழுத்து, மேலே ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டே இருக்கும், மௌஸை நகர்த்தினால் ஒரு சின்ன நாய்ப்பாதம் அதன் பின்னாலேயே வரும். அந்தப் பாதம் எனக்குப் பிடிக்கவில்லை. கையை எங்கே கொண்டுபோனாலும் விடாமல் பின்னால் வந்தது. தளத்தைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்துக்கொண்ட முதல் நாளே அதை நீக்கிவிட்டேன்.

எல்லாம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. முகப்பு முடிந்தது, எங்களிடம் இருப்பவர்கள் என்ற பக்கம் முடிந்தது, இப்போது விடைபெற்றவர்கள் என்ற பக்கத்தின், அதாவது இறந்துபோன நாய்களின், படங்கள் ஓடுகின்றன, மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. ஒரு பக்கம் மட்டும் பாக்கி, அதை இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். சுலோச்சனாக்கா அதற்காக அனுப்பிய குரல்பதிவை எத்தனை முறை கேட்டுவிட்டேன். "பூங்கொடி, நாயக் கொண்டாந்து விடறவங்களுக்கு ஒரு பக்கம் வேணும் கண்ணு. திட்டற மாதிரி இருக்கக் கூடாது. பழசுல திட்டித்தான் எழுதியிருந்தோம், நீ பாத்திருப்ப. திட்டுனா என்ன பண்றாங்க, நம்மகிட்ட கேக்காமயே எங்கியாவது கட்டிப் போட்டுட்டுப் போயிடறாங்க. கூசாம வந்து கேக்கோணும். அப்புடி எழுதிக் குடு." கூசாமல் என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுவேன். பழைய தளத்தில் அந்தப் பக்கத்தின் முதல் வரி, உன் பிள்ளையை இப்படி விடுவாயா. அதற்குக் கீழே ஆச்சரியக்குறிகள். அதை எழுதிய மாணவருக்கு அப்போது இருபது வயது இருந்திருக்கும், இருபது வயதில் எல்லாவற்றுக்கும் பதில் தெரியும், என் மகள் நித்திலாவுக்கும் இப்போது இருபதுதான். அவளுடைய பதில்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம், படத்தைப் பார். நூற்றுப்பதினாறு, இரண்டு நாய்கள், ஒரே சாக்கு. எழுதியாயிற்று. அடுத்தது.

நூற்றுப்பதினேழு. பழுப்பு நாய், ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. முகம் நரைத்திருக்கிறது. தலை ஒரு பெண்ணின் பாதங்களின்மேல் இருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் படத்தில் இல்லை, வெடிப்பு விட்ட குதிகால், தேய்ந்த மெட்டி, சேலைக் கரையில் ஒரு ஈரம், அவ்வளவுதான். நாயின் கழுத்தில் நீலப் பட்டி. பட்டியில் சிவப்புத் தையல். இதை எழுதலாமா, தையலெல்லாம் எழுதினால் வரி நீண்டுவிடும், படிக்கக் கேட்பவருக்கு அலுப்பாக இருக்கும், நீலப் பட்டி என்பதே போதும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதற்குப் பெரிதாக்கினேன், எழுதுவதற்கு அது வேண்டியதில்லை. வளைந்து வளைந்து போகும் தையல், ஓரத்தில் ஊசி துணியைச் சுருட்டி நின்ற இடத்தில் ஒரு முடிச்சு, முடிச்சுக்கு அப்புறம் திரும்பவும் அதே வளைவு. நீல நூல் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போகிற நேரமில்லை, இவர், என் வீட்டுக்காரர், அவசரப்படுத்தினார், சிவப்பே போடு, அது என்ன கல்யாணத்துக்கா போகுது என்றார். இவருடைய பழைய சாப்பாட்டுப் பையின் வார் அது. என் மெஷினுக்குத் தடித்த வார் பழக்கமில்லை, நடுவில் திணறி நின்றது, கையால் சக்கரத்தைச் சுற்றி வெளியே எடுத்தேன். அந்த முடிச்சு.

சிவப்பு நூல் எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறது. நீல வார் எந்தப் பையிலும் உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவில் பழுப்பு நாய் எத்தனை ஆயிரம், இன்று காலையிலிருந்து நானே நாற்பது எழுதியிருக்கிறேன். கீழே விவரம் இருக்கிறது, படி, படித்தால் வேறு என்று தெரிந்துவிடும். பெயர்: பெரியவர். அது நம் பெயர் இல்லை, நம்முடையது மேஜர், இவர் வைத்த பெயர், குட்டியாக இருக்கும்போதே நெஞ்சை நிமிர்த்தி நின்றது என்று. ஆனால் பெயர் அவர்கள் வைப்பது. வந்த நாள்: நவம்பர் ஒன்பது. நாங்கள் ஈரோட்டு வீட்டைக் காலி செய்தது நவம்பர் ஆறு. வருஷமும் அதே வருஷம். மூன்று நாள். மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். கிடைத்த இடம்: கிணத்துக்கடவு, பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலை வாசலில் கட்டப்பட்டு இருந்தது. கிணத்துக்கடவு பொள்ளாச்சிக்குப் போகிற வழி. மேஜரைக் கொண்டுபோய் விட்ட தோப்பு பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் என்றுதான் இவருடைய தம்பி தண்டபாணி சொன்னார். விடைபெற்ற நாள்: ஜூன் இரண்டு. நான் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். கழுவிய தட்டைத் திரும்பவும் கழுவினேன். தண்ணி லாரி போய்விட்டது, தெரு ஓசையற்றுக் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தால் கணினி தூங்கியிருந்தது, கறுத்த திரையில் என் முகம்தான் தெரிந்தது.

இவர் போனது ஆடியில். அதற்கு முன்னால் இரண்டரை வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போவோம், தண்டபாணிதான் வண்டியில் அழைத்துப் போவார். ஒரு நாள் தவறியதில்லை, ஒரு சொல் சலித்துக்கொண்டதில்லை, கடைசி மாதங்களில் இவரைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தது அவர் கைதான். நாங்கள் கிளம்பும்போது மேஜர் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்கும். இவர் இறங்கினதும் கையை மோந்து பார்க்கும், மருந்து வாடை பிடிக்காமல் தும்மும், அப்படியும் மோந்து பார்க்கும். ஆடிக்குப் பிறகும் நின்றது. சாப்பிடாமல் கிடந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், சாப்பிட்டது, எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது, எனக்கு அதில்கூட ஒரு கோபம் இருந்தது. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து போய் நின்றது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயமுத்தூரில் பார்த்த வீட்டில் நாய் கூடாது என்றார்கள், அது நிஜம். நித்திலாவுக்குக் கல்லூரி இங்கே கிடைத்தது, அதுவும் நிஜம். நாய் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன வீடு ஒன்றும் இருந்தது, கணபதி ஏரியாவில், தரைத்தளம், முன்னால் ஒரு கொய்யாமரம். கொஞ்சம் இருட்டு என்று சொல்லி அதை வேண்டாம் என்றேன். இருட்டு ஒரு காரணமா.

தண்டபாணி வந்து நின்றார். "அண்ணி, பொள்ளாச்சிப் பக்கம் என் சிநேகிதனோட தோப்பு இருக்குது. பதினஞ்சு ஏக்கரா. அங்க விட்டுட்டா நாய் பாட்டுக்கு ஓடிட்டுக் கிடக்கும். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." பதினோரு வயசு நாய், பின்னங்கால் இழுக்கிற நாய், பதினைந்து ஏக்கரில் எங்கே ஓடும் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது அது என்னைப் பார்க்கவில்லை, முன் இருக்கைக்குத் தாவ முயன்றது, இவர் உட்காரும் இருக்கை. மறுநாள் தண்டபாணி போனில் சொன்னார், விட்டாச்சு அண்ணி, நல்லா இருக்குது. குரல் எப்போதும் போல இல்லை. நான் அப்படியா என்றேன். ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். நித்திலா கேட்டாள், சித்தப்பாகிட்ட போட்டோ கேளும்மா என்று மூன்று முறையாவது கேட்டாள். தோப்பில் சிக்னல் கிடைக்காதாம் என்றேன். அந்தப் பொய்யை எனக்குத் தண்டபாணி சொல்லிக் கொடுக்கவில்லை, நானே செய்தேன், சட்டென்று வாயில் வந்தது. பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், தினமும் ஏழு மணிக்குக் கூப்பிடுவாள், சாப்பிட்டாயா என்பாள். இன்றைக்கும் கூப்பிடுவாள். போனில் தண்டபாணியின் எண்ணை எடுத்தேன். இரண்டு முறை மணியடித்ததும் துண்டித்துவிட்டேன். என்ன கேட்பது, ஏன் பாதி வழியில் கட்டினீர்கள் என்றா. தோப்புக்காரர் வேண்டாம் என்றிருப்பார், இல்லை, தோப்பே இல்லாமலும் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர் எனக்குச் செய்தது நான் வாய்விட்டுக் கேட்காமல் கேட்ட வேலை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போன் திரும்ப அடித்தது, அவர்தான். "அண்ணி, கூப்பிட்டிருந்தீங்களா." கை பட்டுடுச்சு தண்டபாணி என்றேன். நல்லா இருக்கீங்களா என்றார். இருக்கேன் என்றேன். வைத்துவிட்டார். கிணத்துக்கடவு என்ற சொல் என் பல்லிடுக்கிலேயே நின்றுவிட்டது.

மூன்றரை ஆகியிருக்கும் சுலோச்சனாக்காவைக் கூப்பிட்டபோது. பின்னால் குரைப்பு, பாத்திரம் உருளும் சத்தம். "சொல்லு கண்ணு, படமெல்லாம் ஏறிடுச்சா." ஒரு படத்தில் சந்தேகம் அக்கா, நூற்றுப்பதினேழு, பெரியவர் என்று போட்டிருக்கிறது என்றேன். "ஓ, பெரியவரா. அருமையான ஆளு. அரிசி மில்லு வாசல்ல கெடந்துச்சு, பால்காரரு போன் பண்ணிச் சொன்னாரு. கயிறு போட்டுக் கட்டியிருந்துச்சு, பக்கத்துல ஒரு பொட்டலம் பிஸ்கட்ட பிரிச்சு வெச்சிருந்தாங்க. வெச்சவங்களுக்கும் மனசு ஒப்பல போல." தண்டபாணி பிஸ்கட்டுப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்துப் பிரிக்கிற மாதிரி தெரிந்தது, அவர் எதையும் அப்படித்தான் பிரிப்பார். "பூங்கொடி, லைன்ல இருக்கறயா." இருக்கேன் அக்கா. வாசலப் பாத்துட்டே இருந்துச்சா என்று கேட்டேன். இருந்தது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அதைக் கேட்டு அழுவதற்குத் தயாராக இருந்தேன், ஏழு மாதமும் கேட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தது என்று சொன்னால் அந்தத் தண்டனை எனக்குப் பொருத்தமாக இருக்கும். "மொத நாலஞ்சு நாளு பாத்துச்சு. அப்பறம் இல்ல கண்ணு, நான் எதுக்குப் பொய் சொல்லோணும். அப்பறம் சமையலுக்கு வர்ற மாராக்கா பின்னாடியே சுத்துச்சு. அவ எங்க ஒக்காந்தாலும் அவ காலு மேல தலைய வெச்சுக்கும். படத்துல இருக்கறது அவ காலுதான். தூக்கத்துலயே போயிடுச்சு. அன்னிக்கு மாராக்கா சமைக்கல, நாந்தான் பொங்கிப் போட்டேன்."

அது என்னை மறந்துவிட்டது. ஐந்தே நாளில். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டிய செய்தி, வேறு யாருடைய நாயைப் பற்றியாவது கேட்டிருந்தால் அப்பாடா என்றிருப்பேன். மூன்று வருஷமாக ஒரு தோப்புக்குள் அது எனக்காகக் காத்திருப்பதாகவும், காத்திருக்கவில்லை என்பதாகவும் மாற்றி மாற்றி நினைத்திருக்கிறேன், இரண்டிலும் நான் இருந்தேன். இப்போது இல்லை. படத்தில் இருப்பது அந்தக் கால்கள். அது எங்க நாய்ங்க்கா என்றேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வந்துவிட்டது. மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. பட்டி நான் தெச்சது, நாங்கதான் அனுப்புனோம், தோப்புன்னு சொன்னாங்க, நான் கேக்கல. அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அழ ஆரம்பித்ததும் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. சுலோச்சனாக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். "சரி," என்றார். "அழுவாத. நீ அழுதா நானும் அழோணும், இங்க முப்பத்தாறு பேத்துக்குச் சோறு வெக்கற நேரம்" என்றார். அப்புறம், "பேர மாத்திப் போடறதுன்னா போட்டுக்க" என்றார். வேண்டாங்க்கா, பெரியவர்னே இருக்கட்டும். "சரி கண்ணு." வைத்துவிட்டார். நூற்றுப்பதினேழின் கீழே எழுதினேன்: பழுப்பு நிற முதிய நாய், ஒரு பெண்ணின் பாதங்களில் தலை வைத்துத் தூங்குகிறது. பட்டியை எழுதவில்லை. திரும்பப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது, படத்தில் அதுதான் தெரிகிறது.

பிறகு மீதிப் படங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பழைய படிவத்தின் முதல் கேள்வி, நாயை ஏன் விடுகிறீர்கள். கீழே நான்கு கட்டங்கள்: வீடு மாறுகிறோம், நாய்க்கு நோய், வீட்டில் மரணம், பிற. நான் எதில் குறியிடுவேன். முதலாவதில் போடலாம், மூன்றாவதிலும் போடலாம், இரண்டும் உண்மை, ஆனால் அது கேட்டருகே நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. பிற என்பதில் போட்டால் விளக்கு என்று கேட்கும். விளக்க முடிந்தவர்கள் விடவே மாட்டார்கள். அந்தக் கேள்வியை மொத்தமாக அழித்தேன். அழித்ததும் பக்கம் வெறுமையாக நின்றது, கர்சர் மட்டும் துடித்தது. மேலே எழுதினேன்: நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. உங்களுக்கு அதைப் பற்றி என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். எங்களுக்கு அது உதவும். பெயர். வயது. எப்படிக் கூப்பிட்டால் வரும். எதற்குப் பயப்படும். எங்கே தொட்டால் பிடிக்காது. என்ன சாப்பிடும். கடைசியில் வேறு ஏதாவது என்று ஒரு பெரிய கட்டம். ஐந்து மணிக்கு எதிர்வீட்டில் யாரோ கடுகு தாளித்தார்கள், வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது, எனக்குப் பசித்தது, பசித்ததற்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

படிவம் வேலை செய்கிறதா என்று ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பார்க்க வேண்டும். வழக்கமாகக் கைக்கு வந்த எழுத்துகளைத் தட்டிவிட்டு அனுப்புவேன். இன்றைக்குப் பெயர் என்ற இடத்தில் மேஜர் என்று அடித்தேன். வயது பதினொன்று. எப்படிக் கூப்பிட்டால் வரும்: பெயர் சொன்னால் வராது, சாவிக்கொத்தை ஆட்டினால் வரும். எதற்குப் பயப்படும்: கேஸ் லைட்டரின் டக் சத்தம். எங்கே தொட்டால் பிடிக்காது: இடது பின்னங்கால், குட்டியாக இருக்கும்போது சைக்கிள் ஏறியது. என்ன சாப்பிடும்: உப்புமாவைத் தவிர எல்லாம். வேறு ஏதாவது. அந்தப் பெரிய கட்டத்தில் என்ன எழுதுவது, எவ்வளவோ இருக்கிறது, இவர் துண்டின்மேல்தான் படுக்கும், நித்திலாவின் பரீட்சைப் புத்தகத்தை ஒருமுறை கடித்தது, அதெல்லாம் இவர்களுக்கு எதற்கு, உதவுகிற மாதிரி ஒன்று. எழுதினேன்: எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. உள்ளே தன் முகம் அசைவதைப் பார்த்துப் பின்வாங்கிவிடும். பிளாஸ்டிக் மக்கில் வைத்தால் குடிக்கும். எங்கள் வீட்டில் பச்சை மக். அனுப்பு என்பதை அழுத்தினேன். போய்விட்டது.

பத்து நிமிஷம் கழித்து சுலோச்சனாக்காவிடமிருந்து குரல்பதிவு வந்தது. உடனே கேட்கவில்லை, எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து கேட்டேன். "வந்துருச்சு கண்ணு, படிச்சேன்." கொஞ்சம் மூச்சுச் சத்தம். "வந்த புதுசுல நாலு நாளு அது தண்ணியே தொடல. காச்சலோ என்னமோன்னு ட்ரிப்ஸ் ஏத்துனோம். நம்மகிட்ட எல்லாமே எவர்சில்வர் போசிதான். அஞ்சாவது நாளு மாராக்கா பாத்திரம் கழுவிட்டு இருக்கறப்ப அவ பக்கெட்டுல வாய வெச்சு மடக்கு மடக்குன்னு குடிச்சுது. அதுக்கப்பறம் அந்தப் பக்கெட்டுலதான் குடிக்கும். ஏன்னு எங்களுக்குத் தெரியாமயே போச்சு." அவ்வளவுதான் அந்தப் பதிவு.

நான்கு நாள். திரும்பக் கேட்டேன், நான்கு நாள்தான் சொன்னார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, கீழே பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா கூப்பிட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, அவளிடம் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, ஆனால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது தெரிந்தது. படிவத்தைத் திறந்தேன். தண்ணீர் எதில் குடிக்கும் என்று ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்த்தேன். அதைப் பெயருக்கும் மேலே கொண்டுபோய் வைத்தேன். நிரப்பாமல் யாரும் அனுப்ப முடியாதபடி பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டேன்.